சுமந்தவர் படிக்காத ஏடு



தியாகி இமானுவேல் சேகரனார் நினைவாக நடக்கும் இந்தப் பேருரைக்குத் தோழர்கள் கொடுத்த தலைப்பு ‘நவீன சமூகத்தில் அரசின் கண்காணிப்பும் இரகசியமும்’. இந்தத் தலைப்பில் பேசுகிறவர்கள் வழக்கமாக டெல்லியில் தொடங்குவார்கள். ஒட்டுக்கேட்கும் கைபேசி, ஆதார், கேமரா என்று போவார்கள். அவற்றுக்கு நானும் வருகிறேன். ஆனால் திருச்சுழிப் பக்கத்துக் கிராமச் சாவடி ஒன்றிலிருந்து தொடங்க விரும்புகிறேன்.

என் தாத்தா வெட்டி வேலை பார்த்தவர். கிராம முன்சீப்பும் கர்ணமும் எழுதிக் கொடுக்கும் தபாலைத் துணியில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கரிசல் காட்டு ஒற்றையடிப் பாதையில் நடந்து போய் ஸ்டேஷனிலும் தாலுகா கச்சேரியிலும் சேர்ப்பது அவர் வேலைகளில் ஒன்று. அந்த மூட்டையில் பிறப்பு இறப்புக் கணக்கு இருக்கும். சாகுபடிக் கணக்கு இருக்கும். ஊருக்குள் புதிதாக வந்தவர் யார், சண்டை போட்டவர் யார் என்ற தகவலும் இருக்கும். அவருடைய தெருவைப் பற்றியும், சில சமயம் அவரைப் பற்றியுமே எழுதியிருக்கும். தாத்தாவுக்கு எழுத்துத் தெரியாது. சுமந்தவருக்கு அதைப் படிக்க வழியில்லை. எழுதியவருக்குப் படித்துக் காட்ட வேண்டிய கடமையும் இல்லை.

அரசு நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும், நாம் அரசைப் பார்க்க முடியாது என்ற உறவு எனக்கு அந்த மூட்டையிலேயே தெரிகிறது. பகுதிநேரக் கிராம அதிகாரிகளின் பதவிகள் 1980-இல் ஒழிக்கப்பட்டன. அந்த உறவு ஒழிந்ததா என்பதுதான் இன்றைய கேள்வி.

ஒரே மாவட்டம், இரண்டு பட்டியல்கள்

அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் இன்று விருதுநகர் மாவட்டத்தில் இருக்கின்றன. 1985 வரை இவை பழைய இராமநாதபுரம் மாவட்டம். அந்த மாவட்டத்தில் 1930-ஐ ஒட்டிய சில ஆண்டுகளில் இரண்டு பட்டியல்கள் நடைமுறையில் இருந்தன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

முதல் பட்டியல் அரசு போட்டது. குற்றப் பழங்குடியினர் சட்டம் 1871-இல் வட இந்தியாவில் பிறந்தது. 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. 1924-இல் திருத்தி ஒருங்கிணைக்கப்பட்டது. நம் மக்கள் அதைக் ‘கைரேகைச் சட்டம்’ என்றார்கள். ஒருவர் என்ன குற்றம் செய்தார் என்று அது கேட்கவில்லை, எந்தச் சாதியில் பிறந்தார் என்று கேட்டது. பெயர் பதிந்து, விரல் ரேகை உருட்டி, இரவில் ஆஜராகச் சொன்னது. ஊரைவிட்டுப் போக வேண்டுமென்றால் சீட்டு வாங்க வேண்டும். குறவர்கள், பிரமலைக் கள்ளர்கள், 1920-களின் இறுதியில் ஆப்பநாட்டு மறவர்கள் என்று பட்டியல் நீண்டது. ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில் 16 பேர் இறந்தார்கள். மாயக்காள் என்ற பெண்ணும் அவர்களில் ஒருவர்.

இந்தச் சட்டத்தில் நாம் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஒரு சமூகத்தைக் குற்றப் பழங்குடி என்று அரசு அறிவித்துவிட்டால், அந்த அறிவிப்பு செல்லுமா என்று எந்த நீதிமன்றமும் விசாரிக்க முடியாது. சட்டமே அப்படிச் சொன்னது. ஒருவருடைய உடம்பின் ரேகை வரைக்கும் அரசுக்குத் தெரியும். தன்னை ஏன் பட்டியலில் சேர்த்தார்கள் என்று கேட்க அவருக்கு இடமில்லை. கண்காணிப்பும் இரகசியமும் ஒரே சட்டத்துக்குள் இப்படித்தான் சேர்ந்திருந்தன. உலகின் முதல் விரல்ரேகைப் பிரிவு 1897-இல் கல்கத்தாவில் தொடங்கியது. லண்டன் ஸ்காட்லாந்து யார்டுக்கு அது 1901-இல்தான் போய்ச் சேர்ந்தது. காலனி மக்களின் விரல்களில் பழகிய பிறகே அந்த வித்தை எசமானர்களின் ஊருக்குப் போனது.

இரண்டாவது பட்டியலை ஊர் போட்டது. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் கள்ளர் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். தங்கம், வெள்ளி நகை போடக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டக் கூடாது. சட்டை போடக் கூடாது. தலைமுடியைக் கத்தரிக்கக் கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது. பெண்கள் மேலாடை அணியக் கூடாது, பூ வைக்கக் கூடாது. குடை, செருப்பு கூடாது. இவற்றை மீறியவர்கள் தாக்கப்பட்டார்கள். அடுத்த 1931 ஜூனில் தடைகள் பதினொன்றாயின. பிள்ளைகள் எழுத்துப் படிக்கக் கூடாது, மாடு மேய்க்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று.

இதை நான் எங்கிருந்து சொல்கிறேன்? 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் இந்திய ஆணையராக இருந்த ஜே.எச். ஹட்டன், சாதி பற்றித் தான் எழுதிய புத்தகத்தில் இந்தத் தடைகளைப் பதிவு செய்திருக்கிறார். அதாவது, அரசின் மேல்மட்டத்துக்கு இது தெரிந்திருந்தது. ஒருவர் வேட்டி எத்தனை முழம் இறங்கியிருக்கிறது என்று ஊர் கண்காணிப்பதை அரசு அறிந்திருந்தது. ஆனால் அது மானுடவியல் செய்தியாகப் புத்தகத்துக்குள் போனது. தடை விதித்தவர்களின் பெயரை எழுதி, அவர்கள் நடமாட்டத்தைக் கவனிக்கும் போலீஸ் பதிவேடு அதற்காகத் திறக்கப்படவில்லை.

இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். கைரேகைச் சட்டம் கொடுமையானது. அதற்கு எதிராகக் கள்ளர்களும் மறவர்களும் நடத்திய போராட்டம் நியாயமானது. பிறப்பை வைத்துக் குற்றவாளியாக்குவது என்னவென்று நம்மைவிட யாருக்குத் தெரியும்? பெருங்காமநல்லூரின் நினைவைத் தலித் மேடையில் சொல்ல நமக்குக் கூச்சமில்லை. ஆனால் அரசின் பட்டியலில் இருந்து விடுதலை கேட்ட சமூகங்களுக்குள், ஊரின் பட்டியலைக் கிழித்துப் போட வேண்டும் என்ற குரல் எழவில்லை. பார்க்கப்பட்டவர்களே பார்க்கிறவர்களாகவும் இருந்தார்கள். இமானுவேல் சேகரனின் அரசியல் இந்த இடத்தில் பிறந்தது.

பெயர் மாறிய பதிவேடு

சென்னை மாகாணத்தில் கைரேகைச் சட்டம் 1947-இல் ஒழிந்தது. இந்தியா முழுவதும் 1952 ஆகஸ்ட் 31-இல் ஒழிந்தது. ஆனால் அடுத்த ஆண்டே, 1948-இல், வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டத்தைச் சென்னை மாகாணம் கொண்டுவந்தது. சாதிப் பெயர் எடுபட்டது. தனிநபர் பெயர் வந்தது. காவல் நிலையத்தில் ‘சரித்திரப் பதிவேடு’ என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். நம் மக்களுக்குப் பாடப்புத்தகத்தில் சரித்திரம் எழுதாத அரசு, ஸ்டேஷனில் எழுதிவைத்தது. நாம் வாய்க்கு வந்தபடி ‘கேடி’ என்று திட்டுகிறோமே, அதுவும் போலீஸ் ஏட்டில் ‘அறியப்பட்ட கொள்ளைக்காரர்’ என்பதைக் குறித்த இரண்டு ஆங்கில எழுத்துகள்தான்.

இந்தப் பதிவேட்டில் தன் பெயர் ஏறியது ஒருவருக்குத் தெரியாமலே இருக்கலாம். திருவிழா வந்தால், தேர்தல் வந்தால், பக்கத்து ஊரில் ஆடு காணாமல் போனால் வீட்டுக் கதவு தட்டப்படும்போது தெரியும். நன்னடத்தைப் பிணை கேட்டுத் தாசில்தார் முன்னால் நிற்கும்போது தெரியும். கரிமூட்டத்தில் வேலை பார்க்கிறவருக்கு ஒரு நாள் வாய்தா என்றால் ஒரு நாள் கூலி போச்சு.

இரவில் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டும் போலீஸ் விதியை 1962 டிசம்பரில் கரக் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் செல்லாதென்றது. மற்றக் கண்காணிப்பை விட்டுவைத்தது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் சொல்ல 2017 ஆகஸ்ட் 24 வரை காத்திருந்தோம். 2024 மே மாதம் அமானத்துல்லா கான் வழக்கில் அதே நீதிமன்றம், தாழ்த்தப்பட்ட, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட சமூகங்களைச் சேர்ந்த ஏழை மக்களின் பெயர்கள் சரித்திரப் பதிவேட்டில் இயந்திரத்தனமாக ஏற்றப்படுவதைக் குறிப்பிட்டு, எல்லா மாநிலங்களும் தங்கள் விதிகளைப் பார்க்கச் சொன்னது. அதே ஆண்டு அக்டோபர் 3 அன்று, பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில், சிறைப் பதிவேடுகளில் சாதிக் கலத்தை நீக்க உத்தரவிட்டது. நம் பாளையங்கோட்டைச் சிறையில் சாதிவாரியாகப் பிரித்து வைப்பதும் அந்தத் தீர்ப்பில் பேசப்பட்டது. நாம் எழுபது ஆண்டுகளாகத் தெருவில் சொன்னது தீர்ப்பாக வந்திருக்கிறது.

தீர்ப்பு ஒரு பக்கம் வர, கருவி இன்னொரு பக்கம் வளர்கிறது. பெருங்காமநல்லூர் நடந்த அதே 1920-இல் வந்த கைதிகள் அடையாளச் சட்டத்தை நீக்கிவிட்டு 2022-இல் புதிய அடையாளச் சட்டம் வந்தது. தண்டனை பெற்றவர் மட்டுமில்லை, கைதானவரின் ரேகை, கருவிழி, முக அளவு எல்லாம் எடுக்கலாம். 75 ஆண்டுகள் வைத்திருக்கலாம். தமிழ்நாடு காவல்துறை 2021 அக்டோபரில் முகத்தை அடையாளம் காணும் மென்பொருளைத் தொடங்கியது. 2024 மே மாதம் அந்தத் தளத்துக்குள் வெளியாள் நுழைந்துவிட்டதைக் காவல்துறையே ஒப்புக்கொண்டது. நம் முகத்தை நமக்குத் தெரியாமல் எடுத்து, பூட்டக்கூடத் தெரியாத பெட்டியில் போட்டு வைத்திருக்கிறார்கள்.

செப்டம்பர் 11

1957 செப்டம்பர் 10 அன்று முதுகுளத்தூரில் மாவட்ட ஆட்சியர் சமாதானக் கூட்டம் கூட்டினார். முத்துராமலிங்கத் தேவரும் இமானுவேல் சேகரனும் வந்திருந்தார்கள். அதிகாரிகள் எல்லாரும் கண் திறந்து உட்கார்ந்திருந்த கூட்டம் அது. மறுநாள் இரவு பரமக்குடியில் இமானுவேல் சேகரன் வெட்டிக் கொல்லப்பட்டார். 33 வயது முடிய இன்னும் ஒரு மாதம்கூட இல்லை. அரசின் கண் அவ்வளவு பக்கத்தில் இருந்தும் அவரைக் காக்கவில்லை. செப்டம்பர் 14 அன்று கீழத்தூவலில் ஐந்து மறவர்களைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. காக்கத் தெரியாத அரசுக்குச் சுடத் தெரிந்திருந்தது. அந்த ஐந்து பேரின் குடும்பங்களுக்கும் கேள்வி கேட்கும் உரிமை உண்டு என்று நான் நம்புகிறேன்.

இப்போது ஒவ்வொரு செப்டம்பரிலும் நம் பகுதிக்கு என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். திருச்சுழி, நரிக்குடி, பார்த்திபனூர் வழியாகப் பரமக்குடிக்குப் போகும் சாலையில் சோதனைச் சாவடி. வாடகை வண்டி கூடாது. சொந்த வண்டிக்கு முன் அனுமதி. வண்டி எண், ஓட்டுநர் பெயர், வருகிறவர்கள் விவரம் எழுதிக் கொடுக்க வேண்டும். மேலே டிரோன். 144 தடை உத்தரவு. புதிய சட்டத்தில் அது 163 ஆகிவிட்டது, எண்தான் மாறியது. பசும்பொன்னுக்குப் போகிறவர்களுக்கும் இதே கட்டுப்பாடுதான் என்று அதிகாரிகள் சொல்கிறார்கள். உண்மை. ஆனால் ஒரு நினைவு நாள் பல பத்தாண்டுகளாக அரசு விழா. இன்னொன்றுக்கு 2010-இல் ஒரு தபால் தலை, 2023-இல் ஒரு மணிமண்டப அறிவிப்பு. ஒரே சோதனைச் சாவடியைத் தாண்டிப் போனாலும் ஒருவர் விருந்தாளியாகவும் ஒருவர் சந்தேகத்துக்குரியவராகவும் போகிறார்.

2011 செப்டம்பர் 11 அன்று ஜான் பாண்டியன் பரமக்குடிக்கு வரக் கூடாது என்று தடுத்துக் கைது செய்தார்கள். ஐந்துமுனைச் சந்திப்பில் மக்கள் கூடி நியாயம் கேட்டார்கள். போலீஸ் நடவடிக்கையில் ஆறு தலித்துகள் இறந்தார்கள். நீதிபதி சம்பத் ஆணையம் விசாரித்தது. 2013-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட அதன் அறிக்கை போலீஸ் செய்தது சரி என்றது. என்ன உளவுத் தகவலின் பேரில் ஒரு தலைவரைத் தடுக்க முடிவெடுத்தார்கள், அந்தத் தகவலை யார் கொடுத்தார், யார் எடைபோட்டார் என்ற கேள்விகளை இறந்தவர்களின் வீட்டார் எந்தக் கோப்பிலும் கைவைத்துப் பார்க்க முடியாது. அஞ்சலிக்குப் போனவரின் வண்டி எண் அரசிடம் இருக்கிறது. சுடச் சொன்ன முடிவின் கோப்பு மக்களிடம் இல்லை.

சட்டம் யாரைப் பார்க்கச் சொன்னது?

அரசு யாரையுமே கண்காணிக்கக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. நம்மைக் காக்கவென்று ஒரு கண்காணிப்பு சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995-இன் மூன்றாவது விதியைப் படியுங்கள். வன்கொடுமை நடந்த, நடக்கலாம் என்று கருதும் பகுதிகளை மாநில அரசு அடையாளம் காண வேண்டும். அங்கே அதிகாரிகள் போய் நிலைமையை ஆராய வேண்டும். தேவைப்பட்டால் பட்டியல் சாதி, பழங்குடி அல்லாதவர்களின் துப்பாக்கி உரிமத்தை இரத்து செய்ய வேண்டும். பதினேழாவது விதி, ஆட்சியர் தலைமையில் மாவட்ட விழிப்பு மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும் என்கிறது. ‘கண்காணிப்பு’ என்ற சொல் நமக்குச் சாதகமாக வந்த இடம் இது ஒன்றுதான். ஒடுக்குகிறவரைப் பார் என்று சட்டம் சொல்லியிருக்கிறது. அந்தக் குழு உங்கள் மாவட்டத்தில் கடைசியாக எப்போது கூடியது, என்ன முடிவெடுத்தது என்று இந்த அரங்கில் எத்தனை பேருக்குத் தெரியும்? கை தூக்கச் சொன்னால் சங்கடமாக இருக்கும்.

இதற்கு நேர் எதிரான காட்சியை வேங்கைவயலில் பார்த்தோம். 2022 டிசம்பரில் அந்தப் புதுக்கோட்டைக் கிராமத்துத் தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது. வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. மரபணுச் சோதனைக்கு இரத்தம் கொடுக்கும்படி, அந்தத் தண்ணீரைக் குடித்த தெருவைச் சேர்ந்தவர்களும் அழைக்கப்பட்டார்கள். 2025 ஜனவரியில் அதே ஊர்த் தலித் இளைஞர்கள் மூன்று பேர் மீதே குற்றப்பத்திரிகை வந்தது. வழக்கின் முடிவை நீதிமன்றம் சொல்லட்டும். ஆனால் புகார் கொடுத்த தெருவே சோதனைக்குழாய்க்குள் போவதை இந்த நாட்டில் யாரும் விசித்திரமாகப் பார்க்கவில்லை. பழைய கைரேகை உருட்டலின் பழக்கம் அது.

பூட்டுகள்

இரகசியத்துக்கு வருகிறேன். அலுவல் இரகசியச் சட்டம் 1923-ஆம் ஆண்டுடையது. வெள்ளைக்காரன் போன பிறகும் அப்படியே நிற்கிறது. தகவல் பெறும் உரிமைக்கு இந்தியாவிலேயே முதலில் சட்டம் போட்ட மாநிலம் தமிழ்நாடு, 1997-இல். 2005-இல் நாடு முழுமைக்கும் சட்டம் வந்தது. அதன் 24(4) பிரிவைக் கொண்டு மாநில அரசு தன் உளவு, பாதுகாப்பு அமைப்புகளுக்கு விலக்குக் கொடுக்கலாம். 2008-இல் தமிழ்நாடு அரசு லஞ்ச ஒழிப்புத் துறைக்கும் அந்த விலக்கைக் கொடுத்தது. 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் சட்டத்தின் 8(1)(ஒ) பிரிவைத் திருத்தி, ‘தனிப்பட்ட விவரம்’ என்ற ஒற்றைச் சொல்லில் மறுப்பதை எளிதாக்கியது. நம் அந்தரங்கத்துக்காகக் கேட்ட பாதுகாப்பு, அதிகாரிகளின் பெயரை மறைக்கும் திரையாகவும் ஆகிவிட்டது.

அண்ணல் அம்பேத்கர் குடும்பத்து மருமகனும் நம் காலத்தின் முக்கியச் சிந்தனையாளருமான ஆனந்த் தெல்தும்ப்டேவின் கைபேசியைப் பெகாசஸ் குறிவைத்தது என்ற தகவல் 2019-இல் அவருக்கே சொல்லப்பட்டது. 2020 ஏப்ரல் 14, அம்பேத்கர் பிறந்த நாளில், அவர் சரணடைந்தார். 2022 நவம்பரில்தான் பிணையில் வந்தார். பெகாசஸ் பற்றி உச்சநீதிமன்றம் அமைத்த குழு 29 கைபேசிகளைச் சோதித்தது. ஐந்தில் ஏதோ ஒரு தீய மென்பொருள் இருந்தது, ஒன்றிய அரசு ஒத்துழைக்கவில்லை என்று 2022 ஆகஸ்டில் நீதிமன்றத்திலேயே சொல்லப்பட்டது. அந்த அறிக்கை மூடிய உறைக்குள் இருக்கிறது. என் தாத்தா சுமந்த மூட்டையும் இந்த உறையும் எனக்கு ஒன்றாகவே தெரிகின்றன.

படிக்கத் தெரிந்த தலைமுறை

மாணவ நண்பர்களே, ஒரு செய்தியோடு முடிக்கிறேன். மராட்டிய அரசு 1982-இல் அம்பேத்கர் இயக்கம் பற்றிய மூல ஆவணத் தொகுப்பு ஒன்றை வெளியிட்டது. அதில் கணிசமான பகுதி எங்கிருந்து வந்தது தெரியுமா? பம்பாய் போலீசின் இரகசியக் குறிப்புகளில் இருந்து. அம்பேத்கர் கூட்டங்களில் யார் என்ன பேசினார், எத்தனை பேர் வந்தார் என்று உளவாளி எழுதிய வரிகள், ஐம்பது ஆண்டு கழித்து நம் வரலாற்றுக்குச் சான்றாயின. நம்மை ஒடுக்க எழுதிய ஏட்டையும், திறந்து படிக்கும் கை நம்முடையதாக இருந்தால், நமக்கு வேலை செய்ய வைக்கலாம்.

எனவே சில வேலைகள். தகவல் சட்டத்தின் 24(4) பிரிவில் ஒரு வாசல் இருக்கிறது. மனித உரிமை மீறல் பற்றிய தகவலுக்கு அந்த விலக்கு பொருந்தாது. மாநிலத் தகவல் ஆணையத்தின் ஒப்புதலோடு 45 நாளில் கொடுக்க வேண்டும். அதைப் பயன்படுத்துங்கள். உங்கள் காவல் நிலையத்தின் சரித்திரப் பதிவேட்டில் எத்தனை பேர், அதில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர், 2024 தீர்ப்புக்குப் பிறகு எத்தனை பெயர் நீக்கப்பட்டது என்று கேளுங்கள். பெயர் கேட்க வேண்டாம், எண்ணிக்கை போதும். பெயர் நம் மக்களின் அந்தரங்கம். மாவட்டக் கண்காணிப்புக் குழுவின் கூட்ட நடவடிக்கைக் குறிப்புகளைக் கேளுங்கள்.

இன்னொன்று, நாமே ஒரு ஏடு வைக்க வேண்டும். எந்த ஊரில், எந்தத் தேதியில், என்ன புகார் கொடுத்தோம், மனு ரசீது தந்தார்களா, வழக்குப் பதிந்தார்களா, எந்தப் பிரிவில், எந்த அதிகாரி விசாரித்தார், என்ன பதில் வந்தது. இருபது ரூபாய் நோட்டு ஒன்று போதும். 1931-இல் பிள்ளைகள் எழுத்துப் படிக்கக் கூடாது என்று இந்த மாவட்டத்தில் தடை போட்டார்கள். அந்தத் தடையை மீறிப் படித்தவர்களின் பேரப்பிள்ளைகள் இந்த அரங்கில் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த நோட்டை இன்று மாலையே தொடங்குங்கள். அடுத்த செப்டம்பரில் நாம் மீண்டும் கூடும்போது அதைக் கையில் எடுத்து வாருங்கள். இங்கேயே உரக்கப் படிப்போம்.